நீ யார் கேட்பதற்கு?

அமெரிக்க நகரமொன்றிலே பெருங்கடை ஒன்றின் முன்றலை நினைத்துக் கொள்வோம். வாசலுக்கு அண்மையிலுள்ள வாகனத் தரிப்பிடங்கள் சிலவற்றின் தரையிலே சக்கர நாற்காலிச் சின்னம் தீட்டப்பட்டிருக்கிறது. உடல்நலம் குன்றாத ஒருவர் தமது காரை அங்கே நிறுத்திவிட்டு இறங்குகிறார். சீருடையணிந்த காவலாளி ஒருவர் அணுகி, ‘இங்கே நிறுத்தக்கூடாது’ என்கிறார். வந்தவர் சற்றே நாணி, இரண்டு நிமிட வேலைதான் என்று முணுமுணுத்தவாறு காரை எடுத்துச் செல்கிறார். மறுநாளும் அதே மனிதர், அதே இடம். இம்முறை அதே வார்த்தைகளைச் சொல்பவர் வழியோடு போகும் ஒரு பெண். கார்க்காரர் நாணவில்லை, சினக்கிறார். ‘நீ யார் கேட்பதற்கு?’ என்பது அவருடைய மறுமொழி.

கூறப்பட்ட செய்தி ஒன்றே. மீறப்பட்ட விதியும் ஒன்றே. மாறியது கூறியவரின் உடை மாத்திரம். மூன்றாம் நாள் அவ்விடத்துக்கு உரியவரே, சக்கர நாற்காலியிலிருந்தபடி, அக்கேள்வியைக் கேட்கிறார் எனக் கொள்வோம். அவருக்குக் கிடைக்கக்கூடியது மன்னிப்புக் கோரும் ஒரு புன்னகை. ‘இதோ வந்துவிட்டேன்’ என்ற ஒரு வாக்கு. கார் நின்ற இடத்திலேயே நிற்கும். யாருடைய உரிமை பறிக்கப்பட்டதோ அவருடைய சொல்லுக்கே வலு மிகக் குறைவு என்பது விசித்திரமல்லவா?

உலகம் இப்படித்தான் என்று இதனைத் தள்ளிவிடுவோர் உளர். நாம் அவ்வாறு தள்ளிவிட விரும்பவில்லை. சொல்பவர் எவராயினும் சொல்லின் மெய்யை ஆராய வேண்டும் எனும் கருத்தமைந்த குறளை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். ஒப்புவிக்கத் தவறித் தண்டனை பெற்றோரும் நம்மிடையே உண்டு. ஆசிரியர் சொன்னார் என்பதற்காகவே அக்குறளை நம்பினோம் என்பதை எண்ணிப் பார்க்கையில் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்புக்குள்ளே நாம் ஆராய முற்படும் கேள்வியும் இருக்கிறது. நாம் பணிவது நியாயத்துக்கா, நியாயத்தைச் சொல்பவரின் அதிகாரத்துக்கா?

முதலிலே அந்த இடம் எதற்காக ஒதுக்கப்பட்டது என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நன்று. வாசலுக்குக் கிட்டிய இடம், நடக்க முடியாதவருக்கு ஒரு சலுகை என்றே பலர் கருதுகின்றனர். உண்மையிலே தூரத்தைவிட அகலமே அங்கு முக்கியம். அமெரிக்க விதிகளின்படி, அத்தரிப்பிடத்தின் பக்கத்திலே குறைந்தது 5 அடி அகலத்துக்குக் கோடுகள் இழுக்கப்பட்ட ஒரு வெற்று நிலம் இருத்தல் வேண்டும். காரின் கதவை முற்றாகத் திறந்து, சக்கர நாற்காலியை அருகே வைத்து, கைகளின் பலத்தால் உடலை ஆசனத்திலிருந்து நாற்காலிக்கு மாற்றிக் கொள்வதற்கு அந்த அகலம் தேவை. வானிலிருந்து சாய்பலகையை இறக்கி நாற்காலியோடு வெளிவருபவருக்கு அதனிலும் கூடுதலான அகலம் வேண்டும். அவர் உள்ளே போயிருக்கும்போது யாரோ ஒருவர் அந்தக் கோடுகளின் மேலே காரை நிறுத்திவிட்டால், திரும்பி வருபவர் தமது வாகனத்துக்குள் ஏறவே இயலாது. மழையோ வெயிலோ, அடுத்தவர் தம் பொருள்களை வாங்கி முடிக்கும் வரை அவர் வெளியே காத்திருக்க வேண்டியதுதான். இரண்டு நிமிடம் என்று சொல்பவர் கடன் வாங்குவது இன்னொருவருடைய காலத்தை. அதனை அவரிடம் கேட்டு வாங்குவதுமில்லை.

அச்சின்னத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1968ஆம் ஆண்டிலே டென்மார்க் நாட்டு மாணவி ஒருவர் அதனை வரைந்தார். அவர் வரைந்த உருவத்துக்குத் தலை இருக்கவில்லை. நாற்காலி மட்டுமே இருந்தது. பின்னரே வட்டமொன்று சேர்க்கப்பட்டு அது மனித உருவாயிற்று. முடவர் என்றோம், அங்கவீனர் என்றோம், வலது குறைந்தோர் என்றோம், இன்று மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். பெயர்கள் இத்தனை மாறியும் நம்மிற் பலர் இன்னும் அந்தத் தலையைக் காண்பதில்லை.

சின்னத்தைத் தரையிலே தீட்டுவதற்கு அதிகாரம் தந்த சட்டங்களோ எவருடைய கருணையினாலும் வந்தவையல்ல. 1973ஆம் ஆண்டுச் சட்டமொன்று, மத்திய அரசின் பணம் பெறும் நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக்கூடாது என்றது. ஆயினும் அதனை நடைமுறைப்படுத்தும் விதிகளிலே கையெழுத்திடாமல் ஆட்சியாளர் நான்கு ஆண்டுகளைக் கடத்தினர். 1977 ஏப்ரிலில் சான்பிரான்சிஸ்கோ நகரிலுள்ள அரசாங்க அலுவலகமொன்றுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளும் அவர்தம் தோழர்களும் புகுந்து அமர்ந்தனர். மூன்று வாரங்களுக்கு மேலாக அவர்கள் வெளியேறவில்லை. மருந்தின்றியும் படுக்கையின்றியும் உயிராபத்துக்கு ஆளாகக்கூடியோர் அவர்களுள் இருந்தனர். கருஞ்சிறுத்தைக் கட்சியினர் நாள்தோறும் சுடுசோறு கொண்டுவந்து கொடுத்தனர். தொழிற்சங்கத்தார் துணை நின்றனர். அம்மாத இறுதியில் விதிகள் கையெழுத்தாயின. பின்னர், 1990 மார்ச்சிலே, வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் மண்டபத்தின் படிகளிலே பலர் தம் நாற்காலிகளைவிட்டு இறங்கி, கைகளாலும் முழங்கால்களாலும் ஊர்ந்து ஏறினர். தனியார் கடைகளையும் கட்டுப்படுத்தும் சட்டம் அவ்வாண்டு யூலையில் நிறைவேறிற்று.

கடை முன்றலிலே காவலாளியின் சீருடை கண்டு காரை எடுக்கும் மனிதர் எதற்குப் பணிகிறார் என்பதை இவ்வரலாற்றோடு வைத்து நோக்க வேண்டும். அதிகாரத்துக்குப் பணிய மறுத்தவர்கள் பெற்ற உரிமை அது. இன்று அது அதிகாரியின் வாயால் வந்தால் மட்டுமே செவியில் ஏறுகிறது.

சீருடைக்கு இந்த வலிமை எங்ஙனம் வந்தது? 1974ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதற்கு நேரடியாகவே பொருந்துகிறது. நியூயோர்க்கின் புரூக்ளின் வீதிகளிலே, லெனாட் பிக்மன் என்ற உளவியலாளரின் ஏற்பாட்டின்படி, ஓர் ஆள் வழிப்போக்கர்களை நிறுத்தி ஒரு கட்டளை இடுவான். ஒரு வேளை அவன் சாதாரண உடையில் இருப்பான். ஒரு வேளை பாற்காரனின் உடையில். ஒரு வேளை காவலாளியின் உடையில். கட்டளைகளுள் ஒன்று வாகனத் தரிப்பு பற்றியது: அதோ நிற்பவரிடம் மீற்றருக்குப் போடச் சில்லறை இல்லை, நீ ஒரு நாணயம் கொடு என்பது அது. காவலாளி உடையில் சொன்னபோது மிகப் பெரும்பாலானோர் கொடுத்தனர். சாதாரண உடையில் சொன்னபோது கொடுத்தவர் தொகை வெகுவாகக் குறைந்தது. கட்டளையிட்டவன் மூலை திரும்பி மறைந்த பின்னரும் சீருடைக்குப் பணிந்தவர் பணிந்தனர். இன்னொருவனின் மீற்றருக்குப் பணம் கொடுக்கச் சொல்ல எந்தக் காவலாளிக்கும் சட்டத்திலே உரிமை இல்லை. எல்லை கடந்த அதிகாரத்தைக்கூட அந்த உடை நியாயம்போலக் காட்டிவிட்டது.

இதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், 1961இல், யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்ரான்லி மில்கிறம் தொடங்கிய பரிசோதனைகளை வாசகர் பலர் அறிந்திருப்பர். கற்றல் பற்றிய ஆய்வு என்று சொல்லி அழைக்கப்பட்ட சாதாரண மனிதர்கள், மறு அறையிலிருந்த ஒருவர் பிழையாக விடை சொல்லுந்தோறும் அவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கப் பணிக்கப்பட்டனர். அதிர்ச்சி போலியானது, கொடுத்தவர்களோ உண்மையென்று நம்பினர். தொடருங்கள் என்று ஆய்வாளர் சொன்னதற்காக 40 பேரில் 26 பேர் கடைசிப் பொத்தான் வரை, அதாவது 450 வோல்ற்று வரை, சென்றனர் என்று 1963இல் மில்கிறம் எழுதினார். எங்கும் எடுத்துக் கூறப்படுவது இதுவே.

அதிகம் பேசப்படாத இன்னொரு பரிசோதனை நமக்கு இங்கு மிக முக்கியம். அதிலே ஆய்வாளர் அறையைவிட்டு வெளியே அழைக்கப்படுகிறார். நேரம் குறிக்க வந்த ஒரு சாதாரண மனிதன், தன் சொந்த யோசனைபோல, ஒவ்வொரு பிழைக்கும் அதிர்ச்சியைக் கூட்டிக்கொண்டே போவோம் என்கிறான். அவனுக்கு இறுதிவரை பணிந்தோர் 20 பேரில் நால்வரே. மறுத்தவர்கள் வாளா இருக்கவுமில்லை. அந்த மனிதன் தானே பொத்தானை அழுத்த முற்பட்டபோது அவர்கள் கண்டித்தனர்; சிலர் மின்னிணைப்பைத் துண்டிக்கவும், அவனைப் பிடித்து நிறுத்தவும் முயன்றனர். ஆய்வாளரின் முன்னே தயங்கித் தயங்கி மரியாதையாக முறையிட்டுக் கொண்டே பணிந்தவர்களும் அன்ன மனிதர்களே.

இவ்விடத்திலே நம் முதல் எண்ணத்தைச் சற்றுத் திருத்திக் கொள்ள வேண்டியிருக்கிறது. ‘நீ யார் கேட்பதற்கு?’ என்ற கேள்வியை வெறும் ஆணவம் என்று நாம் கருதினோம். யேல் பரிசோதனையிலோ, கேட்பவன் யார் என்று நோக்கியவர்களே ஒரு மனிதனைத் துன்பத்திலிருந்து காக்க முற்பட்டனர். அந்நியனின் சொல்லை நாம் எடைபோடுகிறோம். அவன் சொல்லுக்குப் பின்னால் காரணத்தைத் தவிர வேறெதுவும் இல்லையாதலால் அக்காரணத்தையே உற்றுப் பார்க்கிறோம். மனித அறிவு விழிப்போடிருக்கும் நிலை அதுவே. சீருடைக்கு முன்னே அந்தத் தராசைக் கீழே வைத்துவிடுகிறோம். எனவே அந்நியனுக்குப் பணியாமை தன்னளவிலே பழிக்கத்தக்கதன்று.

அங்ஙனமாயின் கடை முன்றலிலே தராசு ஏன் பிழைக்கிறது? அந்தப் பெண் சொன்ன காரணம் தெளிவானது. ஐந்து விநாடி சிந்தித்தால் எவரும் ஒப்புக்கொள்ளக்கூடியது. யேலில் அப்பொத்தானுக்கு முன் இருந்தவருக்கு அதிர்ச்சியைக் கூட்டுவதால் ஓர் இலாபமும் இல்லை. கடை முன்றலிலோ எடை போடுபவரே வழக்கிலே கட்சிக்காரர். அவருடைய அவசரம், அவருடைய மழை, அவருடைய சில்லறை எல்லாம் ஒரு தட்டிலே ஏறுகின்றன. மறுதட்டிலுள்ள மனிதர் அவ்வேளையில் அங்கே இல்லை. இல்லாத மனிதருக்காகப் பேசுபவரைப் பார்த்து ‘நீ யார்?’ என்பது தந்திரமானதொரு கேள்வி. அது காரணத்தை ஆராய்வதுபோல் பாசாங்கு செய்து, காரணத்தை விட்டு ஆளைப் பற்றிக்கொள்கிறது.

இத்தராசிலே பணமும் புகுந்து விடுவதுண்டு. கலிபோர்ணியாவில் மாற்றுத்திறனாளருக்குரிய அட்டையைக் காரிலே தொங்கவிட்டால் வீதியோர மீற்றருக்குக் காசு போடத் தேவையில்லை. வண்டி நிறுத்துவது நாளுக்கு நாள் விலையேறும் நகரங்களில் இது சிறு இலாபமன்று. 2017ஆம் ஆண்டு அம்மாநிலக் கணக்காய்வாளர் வெளியிட்ட அறிக்கையின்படி, நூறு வயதைத் தாண்டிய அட்டைதாரர் ஏறத்தாழ 26,000 பேர். அம்மாநிலத்தில் நூறு வயதைத் தாண்டி வாழ்வோராக மதிப்பிடப்பட்டவரோ ஏறத்தாழ 8,000 பேர்தாம். இறந்த பாட்டனாரின் அட்டையிலே பேரப்பிள்ளைகள் ஊர் சுற்றுகின்றனர் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. 1999இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகழ்பெற்ற பல்கலைக்கழகமொன்றிலே பொய்யாகப் பெற்ற அட்டைகளோடு அகப்பட்டோர் யாவர்? அமெரிக்க உதைபந்தாட்ட அணியின் வீரர்கள். அந்த வளாகத்திலே அவர்களைவிட உறுதியான கால்களையுடையோர் இருந்திருக்க முடியாது. அட்டை என்பதும் அதிகாரத்தின் ஒரு சீருடையே. அது தொங்கும்போது எவரும் கேட்பதில்லை.

இனி, கேட்பவர் பக்கத்தையும் நாம் நோக்க வேண்டும். அவரை வீரராக்கி இக்கட்டுரையை முடித்துவிட்டால் அது நேர்மையாகாது. இருதய நோயாளர், சுவாசப்பை நலிந்தவர், மூட்டுவாதத்தால் நாளுக்கொரு விதமாக வருந்துபவர் ஆகியோரும் உரிய அட்டை பெற்றவர்களே. அவர்கள் காரிலிருந்து இறங்கிப் பத்தடி நடப்பதைக் கண்ட அந்நியர், ‘உனக்கென்ன குறை?’ என்று வழிமறிக்கும் கொடுமை நடக்கிறது. கண்ணுக்குத் தெரியும் குறையை மாத்திரமே குறையென்று நம்பும் நல்லெண்ணக்காரர்கள், தாம் பாதுகாக்க வந்தவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகின்றனர். தம் நோயைத் தெருவிலே நின்று நிரூபிக்கும்படி ஒருவரைக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை.

இதனினும் கொடியது 2018 யூலை 19ஆம் நாள் புளோரிடா மாநிலத்துக் கிளியர்வோட்டரில் நிகழ்ந்தது. சிறுகடையொன்றின் முன்னால், மாற்றுத்திறனாளருக்குரிய இடத்திலே, அட்டையில்லாத கார் ஒன்று நின்றது. உள்ளே இளந்தாய் ஒருவரும் குழந்தைகளும் இருந்தனர். அவ்வூர்க்காரர் ஒருவர், தம்மைத் தாமே காவலராக நியமித்துக்கொண்டு, காரைச் சுற்றிப் பார்த்து அத்தாயோடு வாதிட்டார். கடைக்குள்ளிருந்து வெளியே வந்த குழந்தைகளின் தந்தை அவரைப் பிடித்துத் தள்ளினார். நிலத்தில் விழுந்தவர் இடுப்பிலிருந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். 28 வயதுத் தந்தை இறந்தார். சுடப்பட்டவர் கறுப்பர், சுட்டவர் வெள்ளையர். தற்காப்புக்குச் சுடுவதை அனுமதிக்கும் மாநிலச் சட்டத்தைக் காட்டி அப்பகுதியின் செரிப் அவரை உடனே கைது செய்யவில்லை. மக்கள் கிளர்ந்தனர், ஓகஸ்ற் மாதம் வழக்குத் தொடரப்பட்டது, 2019இல் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அவ்விதி சரியானது. கார் நின்ற இடம் பிழையானது. கேட்டவரின் கேள்வியும் தன்னளவில் நியாயமானதே. எனினும் அவர் அந்நியராக அங்கு வரவில்லை என்பதே நமது முடிபு. சீருடை இல்லாத குறையைத் துப்பாக்கி தீர்த்துவைத்திருந்தது. கட்டளையிடும் மனத்தோடு அவர் வந்தார். காரணத்தைச் சொல்லி நிற்பவரின் நிராயுத நிலையை அவர் ஏற்கவில்லை. கறுப்பினத் தாயொருத்தியிடம் வெள்ளையர் ஒருவர் அடையாளம் கேட்கும் அந்நாட்டுப் பழைய வரலாறும் அந்த முன்றலிலே நின்றது. ‘நீ யார் கேட்பதற்கு?’ என்ற கேள்விக்கு அவ்விடத்திலே ஒரு நியாயம் இருந்ததை நாம் மறுக்க முடியாது.

டெக்சாஸ் மாநிலம் இதற்கு வேறொரு வழி கண்டிருக்கிறது. அங்குள்ள சட்டத்தின்படி, குறைந்தது நான்கு மணிநேரப் பயிற்சி பெற்ற குடிமக்களை நகராட்சி நியமிக்கலாம். மாற்றுத்திறனாளருக்குரிய இடத்தை மறிப்போர்மீது அவர்கள் குற்றம் பதியலாம். அவர்கள் பொலிசார் அல்லர்; கடமையின்போது ஆயுதம் வைத்திருக்கவும் கூடாது. ‘நீ யார்?’ என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு கடதாசி உண்டு, அவ்வளவுதான். நேற்று அந்நியராயிருந்தவரின் அதே சொல் இன்று கடதாசியின் பலத்தால் கேட்கப்படுகிறது. இதனை நாம் குறை கூறவில்லை. சக்கர நாற்காலியோடு மழையிலே காத்திருப்பவரிடம், மக்களின் மனச்சாட்சி பண்படும் வரை பொறுத்திரும் என்று சொல்வது படித்தவர்கள் செய்யும் கொடுமை. தண்டப்பணம் வேண்டும், காவலாளி வேண்டும். ஆனால் காவலாளி ஒரு நாளின் எல்லா மணியும் ஒவ்வோர் இடத்திலும் நிற்க இயலாது. அவர் தேநீர் அருந்தப் போன பதினைந்து நிமிடத்தில் உரிமை செத்துப் போகுமானால், அஃது உரிமையாயிருக்கவில்லை. காவலாளியின் தயவாகவே இருந்தது.

ஆதலால் அந்நியருக்குப் பணிக என்று நாம் சொல்ல வரவில்லை. அந்நியருக்குப் பணிய வேண்டியதில்லை. அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். கட்டளையை ஏற்பதற்கும், நினைவூட்டலைச் செவிமடுப்பதற்கும் இடையிலே பெரும் வேறுபாடு உண்டு. காரை எடுக்கச் சொன்ன அந்தப் பெண்ணுக்கு ‘நீ யார்?’ என்று கேட்டவர், ‘அவ்விடம் எதற்கு?’ என்று கேட்டிருந்தால் காரணம் கிடைத்திருக்கும். தாம் பணிந்தது அக்காரணத்துக்கே என்று அவர் தலைநிமிர்ந்தே போயிருக்கலாம். தம்மைப் போன்ற ஒருவர் சொல்லிக் கேட்பதிலே தாழ்வு உண்டென்று எண்ணுகிறவர், மேலிருப்பவர் சொல்லிக் கேட்பதிலே தாழ்வு காண்பதில்லை. வர்க்கங்களாகப் பிரிந்து கிடக்கும் சமுதாயம் நம் செவிகளை இவ்வாறே பழக்கி வைத்திருக்கிறது.

நமது நாட்டிலே 1996ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. 2006இல் பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் சென்றுவருவதற்கு வழிசெய்யும் ஒழுங்குவிதிகள் வெளியாயின. 2011இல், தாமே சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஒருவர் தொடுத்த வழக்கிலே, அவ்விதிகளைப் பின்பற்ற வேண்டுமென உயர் நீதிமன்றம் பணித்தது. 2009இல் முடிந்த போர் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ பேரின் கால்களைக் கொண்டு போயிற்று. அவர்களுடைய பிள்ளைகளும், அவர்களே ஆசிரியர்களாகவும், நம் பாடசாலைகளில் இருக்கின்றனர். புதுக் கட்டடங்கள் சிலவற்றின் வாசலிலே சாய்தளம் அமைத்திருக்கிறார்கள். அதன் அடியிலே மோட்டார் சைக்கிள்கள் நிற்பதையும், பூச்சாடிகள் அடுக்கப்பட்டிருப்பதையும் காண்பது அரிதன்று. பிரமுகர் வருகிறார் என்றால் அரைமணி நேரத்தில் யாவும் அகற்றப்படும்.

ஒரு காலைப்பொழுது எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அலுவலக வாசலிலே வந்து நிற்கிறான் எனக் கொள்வோம். அவனுடைய தோழி சக்கர நாற்காலியிலே சாய்தளத்தின் கீழே காத்திருக்கிறாள். மணி அடித்தாயிற்று. ‘சேர், உங்கள் மோட்டார் சைக்கிள் வழியை மறித்து நிற்கிறது’ என்கிறான் அவன். கூடியிருக்கும் மற்றைய ஆசிரியர்களும் திரும்பிப் பார்க்கின்றனர். அந்தக் கணத்திலே நமது வாயில் முதலில் எழக்கூடிய சொற்கள் எவை என்பதை, இதனை வாசிக்கும் ஆசிரியர்கள் நம்மினும் நன்கு அறிவர்.